மலையூரில் விருந்தினராய்



"பிள்ளைகள் ஐரோப்பாவில் இருக்கின்றனர். வரும் கோடையில் எங்களை அங்கு வரவழைத்து, ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஒரு வாரம் தங்கி வரலாம் என்று கூறுகின்றனர். வயது சென்ற எங்களுக்கு இது தேவைதானா? வெறும் பொழுதுபோக்கிற்காக இவ்வளவு பணத்தைச் செலவிடுவது முறைதானா?" என்று பங்குத் தாய் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 1980ஆம் ஆண்டுகள் தொட்டு இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் சுவிட்சர்லாந்து நாட்டில் குடியேறி வாழ்கின்றனர். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் பெற்றோரும் பலர். ஆதலின் இம்மாதம் இப்பக்கத்தில் அவ்வம்மையாருக்கு நாம் எழுதும் மறுமொழியை எல்லாரும் வாசிப்பது நலமெனக் கருதினோம்.

ஓய்வு பாவமன்று. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்க மனிதனுக்குக் கற்பித்தவர் இறைவனே. பணி முடித்துத் திரும்பிய சீடரைத் தனிமையானதோர் இடத்திற்குச் சென்று சற்று இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்ததையும் நற்செய்தியில் வாசிக்கிறோம். எனவே, போகலாமா என்பதைவிட, போகுமிடத்தில் எத்தகையவராய் இருப்போம் என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி. இதனை நமக்குக் கற்பித்தது ஒரு மலைப் பள்ளத்தாக்கு. அங்கு நாம் கற்ற பாடத்தில் பாதியை அங்கிருந்தபோது கற்றோம். மறுபாதியைப் பல ஆண்டுகள் கழித்து, வெட்கத்தோடு கற்றோம்.

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கே வலே என்னும் மாநிலம் உளது. ரோன் ஆறு பாயும் அம்மாநிலத்தின் வடக்கு மலைகளுக்குள்ளே ஒளிந்து கிடப்பது லோட்ஷென்டால் பள்ளத்தாக்கு. லோன்ஸா என்னும் சிற்றாறு அதன் நடுவே ஓடுகிறது. கீழிருந்து மேலாக ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என நான்கு ஊர்கள். எல்லா ஊர்களையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறுதான், வழிவழியாகக் கத்தோலிக்கர். தென்புறத்தே 3,934 மீட்டர் உயர்ந்து நிற்கும் பீட்ஷ்ஹோர்ன் சிகரம் எவ்வூரிலிருந்து பார்ப்பினும் தலைக்கு மேலே நிற்பது போலத் தோன்றும்.

2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நாமும் நம் இல்லத்தரசியும், பேர்ன் நகரில் வாழும் நம் தமக்கையார் மகனின் குடும்பத்தோடு அங்குச் சென்று ஒரு வாரம் தங்கினோம். பேர்னிலிருந்து காண்டர்ஸ்டேக் வரை புகைவண்டி மலையேறிச் செல்கிறது. அதன்பின் 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, மறுபுறத்தே கோப்பன்ஸ்டைன் நிலையத்தில் வெளிப்படுகிறது. பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தனர். தமக்கையார் மகன் மட்டும் மெல்லிய குரலில் நம்மிடம் ஒரு செய்தியைச் சொன்னான். இச்சுரங்கத்தைத் தோண்டுகையில், 1908 ஜூலை 24 அன்று, மேலேயுள்ள காஸ்டர்ன் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து நீரும் மணலும் சரளையும் திடீரென உட்பாய்ந்து 25 தொழிலாளர் மாண்டனராம். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். அப்பகுதியைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, சுரங்கத்தை வளைத்துக் கொண்டுபோய் 1913இல் பாதையைத் திறந்தனர். அதற்கு முன் குளிர்காலத்தில் இப்பள்ளத்தாக்கு வெளியுலகினின்று ஏறக்குறையத் துண்டிக்கப்பட்டே கிடந்தது. நாம் சில நிமிடங்களில் இன்பமாய்க் கடந்த வழி பிறர் உயிர் கொடுத்துத் திறந்த வழி என்று அறிந்தபோது, மரித்த விசுவாசிகளுக்காக ஒரு செபம் சொல்லிக்கொண்டோம்.

கோப்பன்ஸ்டைனிலிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்து ஏறினோம். மலை வளைவுகளில் அது மூன்று சுரத்தில் ஊதும் குழலோசை சிறுவர்க்குப் பெரும் வேடிக்கை. பேருந்து ஃபெர்டன், கிப்பல், வீலர் ஆகியவற்றைக் கடந்து 1,540 மீட்டர் உயரத்திலுள்ள பிளாட்டனை அடைந்தது. அவ்வூரில் ஒரு கைம்பெண் அம்மையாரின் இல்லத்து மேல்தளத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கு வருவோர் பலரும் இவ்வாறே வீட்டுப் பகுதியொன்றை எடுத்துத் தாமே சமைத்து உண்கின்றனர். பெரிய விடுதிகளைவிடச் செலவு குறைவு. குடும்பத்திற்கும் இதுவே ஏற்றது.

அவ்வீடு லார்ச் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. பல தலைமுறை வெயில் பட்டுப் பட்டு அதன் பலகைகள் கருகியன போலக் கறுத்திருந்தன. அருகே தானியக் களஞ்சியமொன்று மரக்கால்களின் மேல் நின்றது. ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான கற்பலகை. எலி ஏறாமல் இருப்பதற்கு அவர்தம் முன்னோர் கண்ட உபாயம் அது. ரை என்னும் தானியத்தில் சுட்ட கரிய ரொட்டியை அம்மையார் முதல் நாள் மாலை நமக்கு அளித்தார். முற்காலத்தில் ஊர்ப் பொது அடுப்பை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே மூட்டி, குடும்பம் குடும்பமாய் முறைவைத்து இத்தகைய ரொட்டியைச் சுட்டு, மாதக்கணக்கில் உலர்த்தி வைத்து உண்டனராம். உலர்ந்த ரொட்டியை வெட்டுவதற்கெனத் தனிக் கத்தி இருந்தது என்றார். அவர் பேசிய மலைநாட்டு ஜெர்மன் மொழி, பேர்னில் பிறந்து வளர்ந்த நம் பேத்திக்கே பாதிதான் விளங்கியது. ஆயினும் அவள் அவரைப் "பாட்டி" என்றே தமிழில் அழைக்கத் தொடங்கினாள். அவரும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டு மகிழ்ந்தார்.

இரண்டாம் நாள் பிற்பகல் நாம் ஒரு தவறு செய்தோம். வீட்டிற்கு மேலே சரிவான புல்வெளி; புல் முழங்காலளவு வளர்ந்து மஞ்சளும் நீலமுமாய்ப் பூத்திருந்தது. பிள்ளைகள் அதனுள் ஓடி உருண்டு விளையாடினர். நாமும் நடுவே துணி விரித்து அமர்ந்து பலகாரம் உண்டோம். அம்மையாரின் மகன் நீண்ட பிடி கொண்ட அரிவாளைத் தோளிற் சுமந்தபடி வந்தார். கோபமாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வணக்கம் கூறிவிட்டு, "ஐயா, மிதிபட்ட புல்லை அரிவாள் வெட்டாது. இது எங்கள் பசுக்களின் குளிர்காலம்" என்றார். பேத்தி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நாம் நாணித் தலைகுனிந்தோம்.

நமக்கு அது காட்சி. அவருக்கு அது களஞ்சியம். மலையூரிலே பனிக்காலம் ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அக்காலமெல்லாம் கால்நடைகள் தொழுவத்திலேயே நிற்கும். கோடையின் சில வாரங்களில் அறுத்து உலர்த்தும் புல்லே அவற்றின் உணவு. மழை ஒன்று பெய்தாலும் உலர்புல் கெட்டுவிடும். நாம் ஓய்ந்திருக்கச் சென்ற அதே வாரங்கள்தாம் அவர்கள் ஓயாது உழைக்கும் வாரங்கள் என்பதை அன்றுவரை நாம் எண்ணிப் பார்த்ததேயில்லை.

மறுநாட் காலை நாம் அனைவரும் அவரிடம் சென்று மன்னிப்பு வேண்டி, ஏதேனும் வேலை தரும்படி கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே மரப்பற்கள் பொருத்திய வாரிகளைக் கொடுத்தார். வெட்டிய புல்லைப் புரட்டி உலர்த்துவதும், மாலையில் வாரிக் குவிப்பதும் வேலை. நமக்கு ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலித்தது. பிள்ளைகளோ மாலைவரை நின்றனர். அன்றிரவு அவர்கள் உறங்கிய உறக்கம் நகரத்திலே ஒருநாளும் உறங்காத உறக்கம் என்று அவர்தம் தாய் கூறினாள்.

இம்மலைமக்கள் பனிக்காலத்தை முன்வைத்தே தம் வாழ்வை அளந்து வந்துள்ளனர். இதே வலே மாநிலத்து டோர்பல் என்னும் ஊரில் 1517ஆம் ஆண்டிலேயே ஒரு விதியை எழுதி வைத்தனர். குளிர்காலத்தில் தன் புல்லைக் கொண்டு காக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் எவரும் கோடையில் பொது மேய்ச்சலுக்குப் பசுக்களை அனுப்பலாகாது என்பதே அவ்விதி. பணமுள்ளவன் வெளியிலிருந்து பசுக்களை வாங்கிவந்து பொதுப் புல்லை மேயவிட்டால், மற்றவர் பசு பட்டினி கிடக்கும் அன்றோ? ஆகவே அவரவர் உழைப்பே அவரவர் பங்கிற்கு அளவுகோல் ஆயிற்று. பொருளியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் பொதுச் சொத்தை மக்கள் தாமே காக்க வல்லவர் என்பதற்கு இவ்வூரைச் சான்றாகக் காட்டியவர். 2009இல் நோபல் பரிசு பெற்றவர். அங்குள்ளோர் வழக்கில் 'ஆல்ப்' என்பது சிகரத்தைக் குறிக்காது. கோடையில் கால்நடைகளைக் கொண்டுபோய் மேய்க்கும் உயர்ந்த புல்நிலத்தையே குறிக்கும். உலகமெல்லாம் சிகரங்களுக்கு இட்டு வழங்கும் பெயரை அவ்வூரார் புல்லுக்கே வைத்திருக்கின்றனர்.

லோட்ஷென்டாலின் ஃபெர்டன் ஊரில் மற்றொரு வழக்கம் உண்டு. ஊராருக்குரிய ஆல்ப் நிலங்களில் கோடையின் குறிப்பிட்ட நாட்களில் கறக்கும் பால் முழுவதையும் எவரும் தமக்கென எடுத்துக்கொள்வதில்லை. அதனைத் திரைத்துப் பாலாடைக் கட்டியாக்கி, குளிர்காலம் முழுவதும் காத்து வைத்து, உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாளாகிய திங்களன்று பள்ளத்தாக்கு மக்களுக்குத் தானமாகப் பகிர்ந்தளிக்கின்றனர். ரொட்டியும் திராட்சை இரசமும் உடன் வழங்கப்படும். முன்னோர் செய்த நேர்ச்சை என்பர். வறுமையே மிகுந்திருந்த காலத்திலும் தானத்திற்கென ஒரு பங்கை ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். மிகுதியிலிருந்து கொடுப்பதற்கும் அளவிலிருந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் பங்கு மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

அவர்தம் விழாக்களும் நமக்காக நடைபெறுவன அல்ல. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவிலும் அதனையடுத்த ஞாயிறன்றும் கிப்பல் ஊரில் நற்கருணைப் பவனி நடைபெறும். 'ஆண்டவரின் வீரர்' எனப்படும் ஆடவர், முன்னோர் அயல்நாட்டு மன்னரிடம் படைத்தொழில் புரிந்த காலத்தை நினைவூட்டும் பழைய சீருடையணிந்து, நற்கருணை ஆண்டவருக்குக் காவலாய் நடந்து வருவர். பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாளுக்குப் பின், தவக்காலம் தொடங்குமுன் வரும் நாட்களில், அச்சந்தரும் மரமுகமூடியும் ஆட்டுத்தோலும் அணிந்து, இடுப்பில் பசுமணி கட்டிய உருவங்கள் மாலையில் தெருக்களில் அலையும். படக்கருவியோடு இவற்றைத் தேடிச் செல்வோர் பலர். பவனி வரும்போது விலகி நின்று முழந்தாளிடுவதா, முண்டியடித்துப் படம் பிடிப்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்னரே தீர்மானித்துக்கொண்டு செல்வது நல்லது.

நடப்பதற்கு அங்கு வழி பல உண்டு. மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகள் தூரத்தைக் காட்டுவதில்லை. நடக்க ஆகும் நேரத்தையே காட்டுகின்றன. முதியோர் அந்நேரத்தின் மேல் பாதியைக் கூட்டிக்கொள்வது நலம். வீலர் ஊரிலிருந்து கம்பிவட ஊர்தி 1,969 மீட்டர் உயரத்திலுள்ள லௌக்கர்ன் ஆல்ப் வரை தூக்கிச் செல்கிறது. அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் பாதையில் முழங்கால் வலியுள்ள நம் இல்லத்தரசியும் ஒரு மணி நேரம் நடந்தார். எதிரே பனிமுடி தரித்த மலைகள். கீழே லோன்ஸா ஒரு வெள்ளி இழை. காற்றிலே பசுமணி ஓசை. படைத்தவரைப் போற்றுவதற்கு அங்கு எவரும் நம்மைத் தூண்ட வேண்டியதில்லை.

அப்பாதையில் நின்று பீட்ஷ்ஹோர்னை நோக்குகையில் ஒரு பழைய செய்தி நினைவிற்கு வந்தது. அச்சிகரத்தில் 1859ஆம் ஆண்டில் முதன்முதல் ஏறியவர் லெஸ்லி ஸ்டீபன் என்னும் ஆங்கில எழுத்தாளர். பின்னர் 1871இல் தம் மலையேற்றங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு 'ஐரோப்பாவின் விளையாட்டுத் திடல்' என்று அவர் பெயரிட்டார். விருந்தினர் கண்ணுக்கு அது விளையாட்டுத் திடலே. ஆனால் அத்திடலின் ஒவ்வொரு பாதையையும் ஒருவர் செப்பனிடுகிறார். ஒவ்வொரு வேலியையும் ஒருவர் கட்டுகிறார். தங்கும் இரவுக்கு இவ்வளவு என்று விருந்தினர் செலுத்தும் சிறு வரியைக் கண்டு சிலர் முணுமுணுக்கின்றனர். பாதையைப் பேணுவோர்க்கு நாம் செலுத்தும் கூலியென்று அதனைக் கொள்வதே நேர்மை.

ஞாயிறன்று பிளாட்டன் ஊர்க் கோவிலில் திருப்பலி கண்டோம். மொழி விளங்கவில்லை, ஆயினும் எவ்விடத்தில் எழ வேண்டும், எவ்விடத்தில் முழந்தாளிட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமேதும் உண்டாகவில்லை. சமாதானம் பகிரும் நேரத்தில், புல்வெளியில் நம்மைத் திருத்திய அந்த மகன் மூன்று வரிசை கடந்து வந்து நம் கையைப் பற்றினார். வேலையாற் காய்த்த அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை.

புறப்படும் நாளில் அம்மையார் ஒரு ரொட்டியையும் பாலாடைக் கட்டியில் ஒரு துண்டையும் துணியிற் சுற்றிக் கொடுத்தார். "மறுபடியும் வாருங்கள். நான் இல்லாமற் போனாலும் இந்த வீடு இருக்கும்" என்றார். வருவோம் என்று வாக்குக் கொடுத்தோம். ஆண்டுகள் ஒன்பது சென்றன, நாம் போகவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வாழ்த்து மட்டும் அனுப்பி வந்தோம்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பிளாட்டனுக்கு மேலேயுள்ள சிறிய நெஸ்ட்ஹோர்ன் என்னும் சிகரம் உடையத் தொடங்கியது. பாறைகள் கீழேயிருந்த பிர்ச் பனியாற்றின் மேல் விழுந்து குவிந்தன. மலையைக் கண்காணித்து வந்தோர் ஆபத்தைக் கண்டுணர்ந்து எச்சரித்தமையால், மே 19 அன்று ஊரார் ஏறக்குறைய 300 பேரும் கால்நடைகளோடு வெளியேறினர். நடக்க இயலாத பசு ஒன்றை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்றனர். மே 28 பிற்பகலில், சுமை தாங்காத பனியாறு பாறையோடும் சேற்றோடும் சரிந்து வீழ்ந்தது. சில நொடிகளில் ஊரின் பத்தில் ஒன்பது பங்கு புதைந்து போயிற்று. லோன்ஸா ஆறு அடைபட்டு ஏரியாகத் தேங்க, எஞ்சிய வீடுகளுட் பலவும் நீரில் மூழ்கின. நாம் திருப்பலி கண்ட கோவிலும் போயிற்று. வெளியேறும் பரப்பிற்கு அப்பால் இருந்த 64 வயதான ஒருவர் மாண்டார். எச்சரிக்கை இல்லாதிருப்பின் ஊரே மாண்டிருக்கும்.

"இந்த வீடு இருக்கும்" என்ற சொல் நம் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. மனிதர் போய்விடுவர், வீடு நிற்கும் என்று அவர் எண்ணியிருந்தார். வீடு போயிற்று, அவர் இருக்கிறார். நாம் ஆறுதல் கூறி எழுதினோம். சில வாரங்கள் கழித்து மறுமொழி வந்தது. கீழுள்ள ஊரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருப்பதாகவும், பசுக்கள் நலமென்றும் எழுதியிருந்தார். முடிவில் ஒரு வேண்டுகோள். அவசரத்தில் படத்தொகுப்புகளை எடுக்க முடியவில்லையாம். "நீங்கள் நிறையப் படங்கள் பிடித்தீர்களே, அவற்றுள் எங்கள் வீட்டின் படம் இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார்.

நாமும் தமக்கையார் மகன் குடும்பத்தாரும் அந்த வாரத்துப் படங்கள் அனைத்தையும் தேடினோம். நானூறுக்கு மேற்பட்ட படங்கள். பீட்ஷ்ஹோர்ன் காலையில், பீட்ஷ்ஹோர்ன் மாலையில், பூக்கள், பசுக்கள், நாம், நம் பிள்ளைகள். வீட்டின் படம் ஒன்றே ஒன்று. அதுவும் பிள்ளைகளை முன்னிறுத்திப் பிடித்தது. அவர்தம் தலைகளுக்குப் பின்னே கறுத்த சுவரும், ஒரு சன்னலும், வாயிற்படியில் பாதி. வாயிற்படியில் அம்மையாரின் ஒரு தோள் தெரிந்தது, முகம் விழவில்லை. ஒரு வாரம் ஒருவர் கூரையின்கீழ் உண்டு உறங்கிவிட்டு, அவர் முகத்தை ஒருமுறையேனும் படமெடுக்கத் தோன்றாத விருந்தினராய் நாம் இருந்திருக்கிறோம். புல்லை மிதித்த குற்றத்தை ஒரு நாள் உழைப்பினால் தீர்த்தோம். இக்குற்றத்தைத் தீர்க்க வழியில்லை. அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி அனுப்பினோம். சன்னலின் பூந்தொட்டியைத் தம் தாயார் வைத்த தொட்டி என்று அடையாளம் கண்டு நன்றி எழுதினார்.

அன்புள்ள அம்மா, இதுவே உங்களுக்கு நம் மறுமொழி: போய் வாருங்கள். லோட்ஷென்டாலில் ஃபெர்டனும் கிப்பலும் வீலரும் நிற்கின்றன. அங்குள்ள குடும்பங்களுட் பல விருந்தினரைக் கொண்டே வாழ்கின்றன. அஞ்சி எவரும் வராதிருந்தால், ஓர் ஊரை இழந்த பள்ளத்தாக்கு பிழைப்பையும் இழக்கும். ஆனால் இடிபாட்டை வேடிக்கை பார்ப்பதற்கென்று போகாதீர்கள். அது ஒரு கல்லறை போன்ற இடம். மேற்பள்ளத்தாக்கின் பாதைகள் எவை திறந்துள்ளன என்பதை அங்குள்ளோரைக் கேட்டறிந்தே செல்லுங்கள். தடுத்த இடத்தில் நில்லுங்கள்.

போகுமுன் அளவையும் எண்ணுங்கள். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. பூமி வெப்பமடைவதே அதற்குக் காரணம். பாறைகளைப் பிணைத்து நிற்கும் நெடுநாள் உறைபனியும் தளர்ந்து வருகிறது என்கின்றனர் அறிஞர். நாம் ஏறும் விமானமும் அவ்வெப்பத்திற்குத் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆகவே ஆண்டுதோறும் பறந்து சென்று மூன்று நாள் தங்குவதைவிட, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்று பிள்ளைகளோடு நெடுநாள் இருந்து வருவது மேல். நாட்டினுள் புகைவண்டியிலும் தபால் பேருந்திலும் செல்லுங்கள். குளிர்காலத்தில் காக்க முடிந்த அளவே கோடையில் மேய்க்கலாம் என்ற டோர்பல் ஊராரின் விதி, நம் போன்ற விருந்தினர்க்கும் பொருந்தும்.

அங்கு ஒரே ஊரில் தங்குங்கள். நாளுக்கோர் ஊராய் ஓடாதீர்கள். அவ்வூர்க் கடையிலே ரொட்டியும் பாலும் வாங்குங்கள். ஞாயிறன்று அவ்வூர்க் கோவிலிலே அவர்களோடு திருப்பலி காணுங்கள். பிள்ளைகளுக்கு அரை நாளேனும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வெட்டாத புல்லை மிதியாதீர்கள். வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டு மனத்திற் பதியுங்கள். அவர் இசைந்தால் அவர் வீட்டு வாயிலில் அவரை நிறுத்தி ஒரு படம் எடுத்து, ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். மலைகளின் படம் கடைகளில் ஆயிரம் கிடைக்கும்.

பிளாட்டன் ஊரார் தம் ஊரை மீண்டும் எழுப்புவதெனத் தீர்மானித்துள்ளனர். அம்மையாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. புதிய வீட்டில் தாம் குடியேறுவோமோ என்று அவருக்கே தெரியாது. ஆயினும் தம் கடைசிக் கடிதத்தில், கீழுள்ள ஊரில் மகன் ஒரு புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், இவ்வாண்டுப் புல் நன்றாக விளைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தப் புல்வெளியிலே ஒரு நாள் வாரி பிடிக்க வருவதாக நாம் மீண்டும் வாக்குக் கொடுத்திருக்கிறோம். இம்முறை தவறமாட்டோம்.

இம்மாதக் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை, வீடிழந்த அம்மலையூர்க் குடும்பங்களுக்காக ஒப்புக்கொடுக்குமாறு உங்கள் அனைவரையும் வேண்டுகிறோம்.